ஒன்றாய் வளர்ந்த இரண்டு ஆண் கழுதைகள் இப்போது கடித்துக்கொள்கின்றன: பிரிப்பதா, காயடிப்பதா?

கந்தப்பளை_மேட்டுநிலம்:

அனைவருக்கும் வணக்கம். கந்தப்பளைக்கு மேலே, வாகனம் ஏறாத சரிவில் நாங்கள் மரக்கறி செய்கிறோம். பசளை மூட்டைகளை மேலே ஏற்றவும், கரட், கோவா மூட்டைகளைத் தெருவுக்கு இறக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், புத்தளம் பக்கத்திலிருந்து இரண்டு ஆண் கழுதைக் குட்டிகளை வாங்கி வளர்த்து வருகிறோம். இரண்டும் ஒன்றாகவே வந்தவை, ஒன்றாகவே மேய்ந்தவை, ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் சொறிந்து கொடுக்கும் அளவுக்கு ஒட்டாக இருந்தவை.

சில காலமாக நிலைமை மாறிவிட்டது. பெரியது சிறியதின் கழுத்தைக் கவ்விக்கொண்டு விட மறுக்கிறது. முன்னங்காலைக் கடித்து அதை முழங்காலில் விழ வைக்கிறது. பகலில் மேய்ச்சல் நிலத்தில் விட்டால் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்கின்றன. இரவில்தான் பெரும் சத்தம். இந்தப் பகுதியில் சிறுத்தை வந்து நாய்களைக் கொண்டுபோவதால் இரவில் கொட்டிலை அடைக்காமல் இருக்க முடியாது. அடைத்தால் காலையில் சிறியதின் தோளில் இரத்தம் உறைந்திருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். ஒன்றை விற்றுவிட வேண்டுமா, இரண்டையும் நிரந்தரமாகப் பிரித்துக் கட்ட வேண்டுமா, அல்லது காயடித்தால் போதுமா? கழுதை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் இந்த மலைப்பக்கத்தில் மிகக் குறைவு என்பதால் இங்கே கேட்கிறேன்.

வெலிமடை_வயல்:

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. எருதுக்குச் செய்வதைப் போல இடுக்கியைப் போட்டு நரம்பை நசுக்கிவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டும் அடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மாடுகளுக்கு அப்படித்தான் செய்கிறோம். கத்தியும் வேண்டாம், காயமும் இல்லை. அதுவரைக்கும் ஒன்றைக் கொட்டிலின் இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் குறுங்கயிற்றில் கட்டிவையுங்கள்.

மிருகவைத்தியம்_பேராதனை:

வெலிமடை ஐயா சொன்னதை அவசரப்பட்டு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே முதலில் இதை எழுதுகிறேன். காளையின் விதைப்பை நீளமான கழுத்துடன் கீழே தொங்குவது. அதனால்தான் நசுக்கும் இடுக்கி அங்கே வேலை செய்கிறது. கழுதைக்கும் குதிரைக்கும் விதைகள் உடலோடு ஒட்டிக் கிடைவாக்கில் அமைந்திருக்கின்றன. இடுக்கி பிடிப்பதற்கான கழுத்தே அங்கு இல்லை. அப்படிச் செய்தால் பாதி நசுங்கிய விதை, பெருத்த வீக்கம், தீராத வலி ஆகியவையே மிஞ்சும், சண்டையும் நிற்காது. கழுதைக்கு அறுவைச் சிகிச்சையே வழி.

அதிலும் கழுதையைச் சிறிய குதிரையாகக் கருதிக் கத்தி வைப்பது ஆபத்து. கழுதையின் விதைப்பையில் கொழுப்பு அதிகம், அதே உடல் அளவுள்ள குதிரையைவிட இரத்தக் குழாய்களும் பருமனானவை. ஆகவே குழாய்களை நசுக்குவதோடு நிறுத்தாமல் நூலால் இறுகக் கட்டியே ஆக வேண்டும். மயக்க மருந்துகளில் சிலவற்றைக் கழுதையின் உடல் குதிரையைவிட விரைவாக வெளியேற்றிவிடுவதால், சிகிச்சையின் நடுவில் விலங்கு விழித்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. மேலதிக மருந்து கையில் தயாராக இருக்க வேண்டும். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். அங்கு குதிரையினத்தில் அனுபவம் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை வைத்தியப் போதனா மருத்துவமனைக்கு அவர்களே வழிகாட்டுவார்கள்.

காயடிப்பதற்கு ஏற்ற வயது 6 மாதம் முதல் 18 மாதம் வரை. அதற்குப் பிந்தினால் செய்ய முடியாது என்றில்லை. குழாய்கள் தடிக்கும், சிக்கல் கூடும், பழகிப்போன நடத்தையில் ஒரு பகுதி நிலைத்துவிடவும் கூடும். உங்களுடையவற்றின் வயதைச் சொல்லவில்லையே. கீழ்வாயின் முன்பற்களைப் பாருங்கள். நடுவிலுள்ள சோடிப் பால்பற்கள் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் வரும். அவற்றுக்கு அடுத்த சோடி ஏறத்தாழ மூன்றரையிலும், ஓரச் சோடி நாலரையிலும் மாறும். கழுதையில் இவை சற்றுப் பிந்தியும் மாறலாம்.

இன்னொரு விடயம்: மூன்று வயதுக்குக் குறைந்த கழுதையின் முதுகில் மூட்டை ஏற்றுவதை நிறுத்தி வையுங்கள். எலும்பு முதிராத விலங்கு அது.

மன்னார்_உப்புக்காற்று:

மன்னார்த் தீவில் கழுதைகள் தெருவில் திரிபவை. அவற்றைப் பார்த்தே வளர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். இங்கே பல ஆண் கழுதைகள் ஒரே நிழலில், ஒரே சந்தையடியில் நாள் முழுவதும் ஒன்றையொன்று சீண்டாமல் நிற்பதைக் காணலாம். அந்தக் கூட்டத்துக்குள் வேட்கையில் உள்ள பெண் கழுதை ஒன்று நடந்து வந்தால் போதும்: காது தட்டையாகும், கனைப்பு எழும்பும், தெருவே போர்க்களமாகும். அது கடந்து போனபின் சிறிது நேரத்தில் அதே ஆண்கள் அதே நிழலுக்கு வந்து நிற்கும். ஆகவே ஆண் கழுதைகள் இரண்டு ஒன்றாக வாழவே முடியாது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். எது அவற்றைக் கிளப்பிவிடுகிறது என்பதைத் தேடுங்கள்.

எங்கள் கழுதைகளுக்கும் உங்களுடையவற்றுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே தோற்றது ஓடிவிடும். கடற்கரை வரையும் ஓட அதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் தோற்றதையும் வென்றதையும் ஒரே கொட்டிலில் அடைத்துக் கதவைப் பூட்டுகிறீர்கள். நான் எழுதியதைக் குறையாக எடுக்க வேண்டாம். சிறுத்தை உள்ள ஊரில் வேறு வழியில்லை என்பது விளங்குகிறது. கதவை அடைத்தபின் தோற்றது ஒதுங்குவதற்கு உள்ளே எங்கே இடம் என்பதுதான் என் கேள்வி.

விட்டையையும் கவனியுங்கள். ஆண் கழுதைகள் ஒரே இடத்தில் விட்டையிட்டுக் குவியலாக்கும். ஒன்று போட்டதை மற்றது முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, அதன்மேலேயே தானும் போடும். இது அவற்றுக்கிடையே நடக்கும் பேச்சு. குவியலருகே முகர்ந்து, கனைத்து, பிரிந்து போகின்றனவா, அல்லது முகர்ந்த கையோடு பாய்கின்றனவா என்று பார்த்தால் பகை எந்த அளவில் இருக்கிறது என்பது தெரியும்.

பதுளை_ஓய்வாசிரியர்:

மன்னார் அன்பர் சொல்வதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் டெத் வெலி எனும் வறண்ட பள்ளத்தாக்கில் காட்டுநிலைக்குத் திரும்பிய கழுதைகளை 1970களில் பட்ரீஷியா மோல்மன் என்ற ஆய்வாளர் நெடுங்காலம் கவனித்தார். அங்கே வலிய ஆண் ஒன்று பெரிய நிலப்பரப்பைத் தன் ஆட்சிக்குள் வைத்திருக்கும். மற்ற ஆண்கள் அதற்குள் நுழைவதை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வேட்கைப் பருவத்துப் பெண்ணை நெருங்கும் உரிமையில்தான் அது விட்டுக்கொடுப்பதில்லை.

கேட்டவரிடம் எனக்குச் சில கேள்விகள் உள்ளன. பகலில் நடப்பது சண்டைதானா, விளையாட்டா? இளம் ஆண் கழுதைகள் விளையாடும்போதும் கழுத்தைக் கவ்வும், முன்னங்காலைக் கடிக்கும், பின்னங்கால்களில் எழும்பும். அறியாதவர் கண்ணுக்கு அது கொலைவெறியாகவே தெரியும். விளையாட்டில் முறை மாறும். இப்போது இது துரத்தினால் அடுத்த கணம் அது துரத்தும், இடையில் நின்று இரண்டும் ஒரே பற்றைப் புல்லைக் கடிக்கும். சண்டையில் துரத்துவது எப்போதும் ஒன்றே, ஓடுவது எப்போதும் மற்றொன்றே. ஓடுவது அலறும், விலகிப் போனாலும் விடப்படாது, தண்ணீருக்கு வரவே அஞ்சும். சிறியது தொட்டியடிக்குத் தானாக வருகிறதா, பெரியது அப்பால் போகும் வரை காத்திருக்கிறதா?

அடுத்து, சுற்றுவட்டாரத்தில் பெண் கழுதையோ பெண் குதிரையோ இருக்கிறதா? காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கந்தப்பளை_மேட்டுநிலம்:

அனைவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். பெரியதின் நடுப்பற்கள் மாறிவிட்டன, அடுத்தவை இன்னும் மாறவில்லை. சிறியதற்கு எல்லாம் பால்பற்களே. மூட்டை ஏற்றுவதை இன்றே நிறுத்திவிட்டேன்.

பகலில் முன்பு முறை மாறித்தான் நடந்தது. இப்போது ஓடுவது சிறியது மட்டுமே. தண்ணீருக்குப் பெரியது நகர்ந்தபின்தான் வருகிறது. ஆசிரியர் ஐயா கேட்ட கடைசிக் கேள்வியைப் படித்தபின்தான் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். எங்களுக்குக் கீழேயுள்ள காணியில் ஒருவர் மட்டக்குதிரைகளை நிறுத்தியிருக்கிறார். நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவர் அவர். அவற்றில் இரண்டு பெண் குதிரைகள். அவை வந்த காலமும் இந்தத் தகராறு முற்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். குதிரைக்காகக் கழுதை சண்டை பிடிக்குமா?

கொட்டில் நீளமானது, ஒடுக்கமானது, ஒரு கதவுதான். தீனித்தொட்டியும் ஒன்றுதான், உள் மூலையில் இருக்கிறது.

கிரகறிவாவி_மட்டக்குதிரை:

தாராளமாகப் பிடிக்கும். ஆண் கழுதையும் பெண் குதிரையும் சேர்ந்துதானே கோவேறு கழுதை பிறக்கிறது! குதிரைக்கு 64 நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), கழுதைக்கு 62, இடையில் பிறப்பதற்கு 63. இவை ஒழுங்காகச் சோடி சேராததே அதைப் பெரும்பாலும் மலடாக்குகிறது. பெண் குதிரைக்கு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வேட்கை வரும், ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கும். குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் இந்தச் சுழற்சி நின்றுவிடும். நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், எங்கள் குதிரைகள் ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் வேட்கைக்கு வருவதைக் காண்கிறோம். இரண்டு பெண் குதிரைகள் வெவ்வேறு நாளில் வேட்கைக்கு வந்தால் உங்கள் கழுதைகளுக்கு அமைதியான வாரம் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.

சண்டை நடந்த நாட்களைக் கலண்டரில் குறித்து, கீழ்க்காணிக்காரரிடம் அவருடைய குதிரைகள் வேட்கையில் இருந்த நாட்களைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கட்டாயம் அறிந்திருப்பார், ஏனென்றால் அந்த நாட்களில் குதிரைகள் சவாரியில் ஒழுங்காக நடப்பதில்லை. வேலி மிக முக்கியம். ஒற்றை முட்கம்பி வேலிக்கு இரு பக்கமும் ஆணும் பெண்ணும் நின்றால் முதலில் கிழிவது தோல்தான். வேலி மனிதனின் நெஞ்சளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மரச்சட்டம் அல்லது முள்ளில்லாத கம்பியாக இருக்க வேண்டும், கீழ்க்காணியின் எல்லையில் மூக்கோடு மூக்கு முட்டாதபடி இடைவெளி விட்ட இரட்டை வேலியாக இருந்தால் இன்னும் நல்லது. படிமுறைக் காணியில் வேலியைத் தட்டின் விளிம்பிலேயே நட்டுவிடாதீர்கள். துரத்தப்படும் விலங்கு வேலியை உடைத்தால் அடுத்த தட்டில் கால் முறிந்து கிடக்கும்.

ஹட்டன்_ஆட்டுக்கொட்டில்:

தம்பி, நான் வளர்ப்பது ஆடுகளும் ஒரு சோடிக் கழுதைகளும். கொட்டிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன ஒடுக்கமான, ஒரு கதவுள்ள, உள்மூலையில் தொட்டியுள்ள கொட்டிலைப் போல மோசமான அமைப்பு வேறில்லை. வலியது கதவடியில் நின்றால் எளியதுக்கு வெளியேற வழியில்லை. தொட்டியடியில் நின்றால் தின்ன வழியில்லை. பகை இல்லாத இரண்டுகூட அதற்குள் பகைத்துக்கொள்ளும்.

மழையைக் கணக்கிலெடுங்கள். கழுதை வறண்ட நிலத்து விலங்கு. அதன் மயிர் குதிரையின் மயிரைப் போலத் தண்ணீரைத் தடுக்காது. சமவெளியில் உள்ள கழுதை நாள் முழுவதும் வெளியில் நிற்கும். நம்முடையது தூறல் விழுந்ததும் கூரைக்குள் ஓடி வரும். ஆகவே தென்மேற்குப் பருவத்தில் உங்கள் கழுதைகள் இரவில் மட்டுமல்ல, பகலிலும் பெரும்பாலும் அந்தக் கொட்டிலுக்குள்தான் இருக்கப்போகின்றன. நல்ல உறவிலுள்ள இரண்டு கழுதைகளுக்கே கூரையிட்ட நிலம் 9 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான அளவு. சண்டையிடும் இரண்டுக்கு அது போதாது.

நான் செய்யச் சொல்வது இதுதான்: நீளக் கொட்டிலை நடுவில் மறியுங்கள், ஆனால் தகரத்தாலோ பலகையாலோ முழுதாக மூடிவிடாதீர்கள். தடித்த மரக்குற்றிகளைக் குறுக்காக வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடியும்படியும், தலையை நுழைத்துக் கடிக்க முடியாதபடியும் இடைவெளி விடுங்கள். மறிப்பின் இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு, தனித்தனித் தொட்டி, தனித்தனித் தண்ணீர் வேண்டும். தொட்டிகளை மறிப்பிலிருந்து எட்ட, எதிரெதிர்ச் சுவரில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள், ஒன்றுக்குப் போட்டு மற்றதைப் பார்க்க வைத்தால் மறிப்பே தாங்காது. பகலில் விடும் பட்டியில் கூர்மூலைகள் இருந்தால் குறுக்கே இரண்டு கழி கட்டி வளைவாக்குங்கள், மூலையில் அகப்பட்டதுதான் அதிகம் கடிபடும். குறுங்கயிற்றில் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கட்டப்பட்டது ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது, கயிறு அறுந்த மற்றது அதைக் கொன்றே விடும்.

தரை ஈரமாக இருந்தால் குளம்புக்குள் சீழ் கட்டும். நொண்டும் கழுதை எதிரியிடமிருந்து விலகவும் மாட்டாது, ஆகவே தரையை மேடாக்கி வைக்கோல் பரப்புங்கள்.

வெலிமடை_வயல்:

இடுக்கி பற்றி டொக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். மாட்டறிவை வைத்துக் கழுதைக்கு மருந்து சொல்லக் கூடாதுதான். ஆனால் இத்தனை மறிப்பும் கதவும் வேலியும் ஏழை விவசாயிக்கு ஆகிற காரியமா? ஒன்றை விற்றால் சிக்கல் அன்றோடு தீராதா? தீனியிலும் பாதி மிச்சம்.

பதுளை_ஓய்வாசிரியர்:

விற்பதால் தீரும் சிக்கலைவிடத் தொடங்கும் சிக்கல் பெரிது. கழுதைகள் சோடியாகப் பிணைந்து வாழ்பவை. ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் இந்த இரண்டும்கூட, குட்டியிலிருந்து ஒன்றாக இருந்ததால், பிரிக்கப்பட்டால் ஏங்கித் தீனியை விட்டுவிடக்கூடும். தீனியை விட்ட கழுதைக்கு என்ன நேரும் என்பதை டொக்டர் விளக்கினால் நல்லது. தனித்து விடப்பட்ட ஆண் கழுதை ஓயாமல் கனைக்கும், வேலியோரம் நடந்து நடந்து நிலத்தைச் சேறாக்கும், ஆட்டுக்குட்டி, நாய் என அகப்பட்டதன்மேல் பாயும். வாங்குபவர் அதை என்ன செய்வார் என்பதும் யோசிக்க வேண்டிய ஒன்று.

மிருகவைத்தியம்_பேராதனை:

ஆசிரியர் சுட்டியது மிக முக்கியமானது. கழுதை தின்னாமல் விட்டால் அதன் உடல் சேமித்துவைத்த கொழுப்பை ஒரேயடியாக இரத்தத்துக்குள் விடத் தொடங்கும். இரத்தத்தை எடுத்து வைத்தால் மேலே தெளியும் நீர் பாலைப் போல் கலங்கியிருக்கும். ஈரலும் சிறுநீரகமும் செயலிழந்து இறப்பது மிகச் சாதாரணம். கொழுத்த கழுதைகளுக்கு இது விரைவில் வரும். துணையைப் பிரிப்பது, இடமாற்றம், வலி ஆகியவையே இதைத் தொடக்கிவைக்கும் முக்கிய காரணங்கள். அதனால்தான் ஹட்டன் அக்கா சொன்ன, பார்க்கவும் முகரவும் முடிகிற மறிப்பை நானும் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கடிக்க முடியாத தூரம் வேண்டும். காண முடியாத தூரம் வேண்டாம்.

கழுதை வலியை வெளிக்காட்டாது. குதிரை உருண்டு புரளும் வலியில் கழுதை தலையைத் தொங்கவிட்டு அமைதியாக நிற்கும், அந்த அமைதியை அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது. சிறியதின் வெப்பநிலையைக் காலையில் எடுத்துப் பாருங்கள். வளர்ந்த கழுதைக்கு 36.2 முதல் 37.8 பாகை செல்சியஸ் வரை இயல்பு. தோளிலுள்ள கடிகாயம் வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும், மேலே தோல் மூடி உள்ளே சீழ் வைக்கும். அதைவிட அச்சமூட்டுவது ஏற்புவலி. குதிரையினம் அதற்கு மிக எளிதில் ஆளாகும். இரண்டுக்கும் இதுவரை தடுப்பூசி போடாவிட்டால், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திராமல் இந்தக் காயத்துக்காகவே வைத்தியரை அழையுங்கள்.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. புண்ணாக்கும் தவிடும் கொடுக்கிறீர்களா? வேலை நிறுத்தப்பட்ட இளம் ஆண்களுக்கு அவை வேண்டாம். நாளொன்றுக்கு உடல் எடையில் 1.3 முதல் 1.8 சதவீதம் வரை உலர்பொருள் போதும். 120 கிலோ எடையுள்ள கழுதைக்கு ஏறத்தாழ 1.6 முதல் 2.2 கிலோ. அதில் பெரும்பகுதி வைக்கோலாக இருக்கட்டும். பல இடங்களில் சிறுசிறு குவியலாகப் போட்டால், நாள் முழுவதும் மெல்லுவதற்கு வேலை கிடைக்கும், ஒரு தொட்டிக்காக மோதவும் வேண்டியிராது. நுவரெலியாப் பக்கத்துக் கிக்குயூப் புல் செழித்த காலத்தில் அதில் கட்டற்று மேயவிட்டால் குளம்பு அழற்சி வரக்கூடும்.

கந்தப்பளை_மேட்டுநிலம்:

தவிடு கொடுக்கிறோம். சந்தைக்குப் போகாத லீக்ஸ், கோவா இலைகள், சிறு கரட் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டுவதும் வழக்கம். அதன்மேல்தான் பகலில் முதல் கடி தொடங்குகிறது என்பதையும் இப்போது உணர்கிறேன்.

மிருகவைத்தியம்_பேராதனை:

லீக்ஸை உடனே நிறுத்துங்கள். வெங்காயக் குடும்பத்துப் பயிர்கள் குதிரையினத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். கோவா இலை மிகுந்தால் வயிற்றில் காற்று அடைத்து வலி வரும். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும் அதன் கொடியும் நஞ்சு. கரட் ஒன்றிரண்டு நீளவாக்கில் வெட்டி, தனித்தனித் தொட்டியில் போடுங்கள். கையில் வைத்து ஊட்டாதீர்கள், கையை முகரும் ஆண் கழுதை அடுத்து கையைக் கவ்வும்.

வேலிக்கு வெளியே காட்டோரத்தில் மேய்ப்பதாக இருந்தால் மலைப்பூவரசு மரத்தின் இலையிலும் பன்னத்திலும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நஞ்சு.

கிரகறிவாவி_மட்டக்குதிரை:

கையாளும் முறை பற்றி யாரும் எழுதவில்லை. சண்டையின் நடுவே எக்காரணம் கொண்டும் உள்ளே புகாதீர்கள். கழுத்தைக் கவ்விய ஆண் கழுதை யாரைக் கடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அதன் கடி தோலோடு நிற்பதுமில்லை, எலும்பை நொறுக்கும். வேலிக்கு வெளியே நின்று வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், அல்லது தகரத்தைத் தட்டுங்கள். பிரிந்ததும் எளியதை வெளியே வர விடும் கதவைத் திறங்கள், வலியதைத் துரத்த வேண்டாம். தடியால் அடித்துத் திருத்தலாம் என்பது வீண்பேச்சு. அடிபட்ட ஆண் கழுதை மனிதனையும் எதிரிக் கணக்கில் சேர்த்துவிடும்.

பெரியதை வெளியே நடத்தும்போது தலைக்கயிற்றில் நடத்துங்கள், பெண் குதிரைகள் நிற்கும் பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள், முதுகைக் காட்டி நடக்காதீர்கள். ஆண் கழுதை காதை நிமிர்த்திக்கொண்டு சாதுவாக வந்தே கடிக்கும். பிள்ளைகளைப் பட்டிக்குள் விடவே கூடாது.

கந்தப்பளை_மேட்டுநிலம்:

மறிப்புக்கு மரம் வெட்டியாயிற்று. வைத்தியரும் வந்து சிறியதின் காயத்தைக் கழுவி, ஏற்புவலிக்கு இரண்டுக்கும் ஊசி போட்டுவிட்டுப் போனார். அறுவைச் சிகிச்சைக்குப் பேராதனையோடு பேசி நாள் தருவதாகச் சொன்னார். எனக்கு எஞ்சியுள்ள கேள்விகள் நான்கு. எந்த மாதத்தில் செய்வது நல்லது? கடிப்பது பெரியதுதானே, அதற்கு மட்டும் செய்தால் போதுமா? செய்தபின் எப்போது ஒன்றாக விடலாம்? பெரியதைச் சோதித்தபோது ஒரு விதை சரியாகக் கைக்கு அகப்படவில்லை என்றும் வைத்தியர் சொன்னார், அதனால் ஏதும் வேறுபாடு வருமா?

மிருகவைத்தியம்_பேராதனை:

கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இறங்காத விதை வயிற்றுக்குள்ளோ கவட்டுப் பாதையிலோ தங்கியிருக்கலாம். அகப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் வெளியே காயடித்த தோற்றமும் உள்ளே முழு ஆணின் சுரப்பும் இருக்கும். சண்டை ஒரு சிறிதும் குறையாது, காரணமும் யாருக்கும் விளங்காது. சிலவேளை பயத்தில் தசை இழுத்துக்கொண்டதாகவும் இருக்கலாம், மயக்க மருந்து கொடுத்தபின் தானாகவே இறங்கும். ஆகவே பெரியதைக் கொட்டிலில் வைத்துச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவமனைக்கே கொண்டுபோங்கள், இரண்டும் கிடைத்தால்தான் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று கிடைக்காத நிலையில் மற்றதை எடுத்துவிட்டால், பின்னால் தேடிவரும் வைத்தியருக்கு எந்தப் பக்கத்தில் தேடுவது என்பதே தெரியாது போகும்.

இரண்டுக்கும் செய்ய வேண்டும், கூடுமானால் ஒரே நாளில். பெரியதுக்கு மட்டும் செய்தால், இன்று அடிவாங்கும் சிறியது வளர்ந்து, சுரப்பு அடங்கிய பெரியதைத் துரத்தத் தொடங்கும். லொறியிலும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோங்கள், நடுவில் மறிப்புப் போட்டு.

காலம் என்றால், உங்கள் பக்கத்தில் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை பொருத்தமானது. சேறும் இலையானும் குறைவு. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழுந்தால் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். சிகிச்சைக்குப் பின் அடைத்தே வைக்காதீர்கள். நாள்தோறும் மெதுவாக நடத்தினால் வீக்கம் வடியும். வீக்கம் நாலாம் ஐந்தாம் நாள் வரை கூடிப் பின் குறைவது இயல்பு. முதல் நாள் சொட்டுச் சொட்டாக இரத்தம் வரலாம். தாரையாக ஒழுகினாலோ, காயத்திலிருந்து ஏதும் தொங்கினாலோ, தின்னாமல் நின்றாலோ விடியும் வரை காத்திராமல் அழையுங்கள்.

ஒன்றாக விடுவதற்கு அவசரம் வேண்டாம். சுரப்பு இறங்கி நடத்தை மாறுவதற்குச் சில வாரங்கள் ஆகும், பெரியதைப் போல வயது கூடியவற்றில் சில மாதங்களும் ஆகலாம். எஞ்சிய விந்து காரணமாக ஏறத்தாழ இரண்டு மாதம் வரை அது சினைப்படுத்தவும் கூடும் என்பதால், கீழ்க்காணிக் குதிரைகளுக்கு அருகில் விடாதீர்கள். மறிப்புக்கு இரு பக்கமும் நின்று ஒன்றின் பிடரியை மற்றது சொறியத் தொடங்கியபின், மழையில்லாத ஒரு பகலில், கொட்டிலில் அல்ல, திறந்த மேய்ச்சல் நிலத்தில், வைக்கோலைப் பல இடத்தில் போட்டு, குதிரைகள் வேட்கையில் இல்லாத நாளாகப் பார்த்து விடுங்கள். இரவுக்கான மறிப்பை மட்டும் கழற்ற வேண்டாம். அது நிரந்தரமாகவே இருக்கட்டும்; பகை அறவே நீங்கினால் நடுவில் ஒரு கழியை இறக்கி வழிவிட்டுக்கொள்ளலாம்.